மூலம்னு விட்டுடுற ரத்தமும் மோஷன் டெஸ்ட்டும்: குடல் கேன்சர் ஸ்கிரீனிங் வட சென்னை கார்ப்பரேஷன் ஆஸ்பத்திரிக்கு வந்தா என்ன ஆகும்

30 வயசு தாண்டினவங்க கார்ப்பரேஷன் ஆஸ்பத்திரிக்குப் போனா சுகர், பிபி பாத்துட்டு வாய், மார்பு, கர்ப்பப்பை வாய் இந்த மூணு கேன்சருக்கும் சோதனை பண்ணிக்கச் சொல்றாங்க, ஆனா குடலப் பத்தி யாரும் வாயத் திறக்கிறதில்ல. இன்னொரு பக்கம் பிரைவேட் லேப்காரங்க வாட்சப்ல தள்ளி விடுற பேக்கேஜ்ல குடல் கேன்சர் டெஸ்ட்டும் இருக்கு, லண்டன்ல இருக்க மச்சான் வேற போன் பண்ணி எங்களுக்கெல்லாம் 50 ஆனா கவர்மெண்ட்டே வீட்டுக்கு மோஷன் டெஸ்ட் டப்பா அனுப்பிடுதுங்கறாரு. அப்ப நமக்கு ஏன் இல்ல, நம்ம ஏரியா டாக்டர் வழியாவே இத குடுக்க முடியாதாங்கறது நியாயமான கேள்விதான்.

சுருக்கமான பதில்: டப்பா குடுக்கிறது சுலபம். டெஸ்ட் பாசிட்டிவ்னு வந்த ஆள அடுத்த சில மாசத்துக்குள்ள குடல் உள்ள குழாய் விட்டுப் பாக்குற எடத்துக்குக் கொண்டு போய்ச் சேக்குறதுதான் கஷ்டம், மொத்த திட்டமும் அங்கதான் நிக்கும் இல்ல விழும். ஏன்னு அடிப்படைலருந்து பாப்போம்.

குடல்ல என்னதான் நடக்குது

சிறுகுடல் முடிஞ்சு ஆரம்பிக்கிறது பெருங்குடல், அதோட கடைசி சாண் நீளம் மலக்குடல். இந்த ரெண்டுலயும் வர்றதத்தான் சேத்து குடல் கேன்சர்னு சொல்றோம். உலக அளவுல அதிகமா வர்ற கேன்சர்ல இது மூணாவது, சாவுக் கணக்குல ரெண்டாவது.

பெரும்பாலும் இது ஒரே நாள்ல கேன்சரா மொளைக்கிறதில்ல. குடலோட உள் சுவர்ல பாலிப்னு ஒரு சின்ன சதை வளருது, எல்லா பாலிப்பும் மோசம் கெடையாது, ஆனா அடினோமான்னு ஒரு வகை இருக்கு, அது மெதுவா பெருசாகி கேன்சரா மாற சுமார் 10 வருஷம் எடுத்துக்கும். அந்த 10 வருஷத்துல வலியும் இருக்காது, எடையும் கொறையாது, ஆனா மலம் ஒரசிப் போறப்போ கண்ணுக்கே தெரியாத அளவு ரத்தம் அப்பப்ப கசியும். ஸ்கிரீனிங்கோட மொத்த ஐடியாவும் இந்தக் கசிவ நம்பித்தான் இருக்கு.

பாலிப்பா இருக்கும்போதே பாத்துட்டா குழாய் வழியாவே வெட்டி எடுத்துடலாம், வயித்தக் கிழிக்க வேண்டாம். கேன்சரே ஆகியிருந்தாலும் குடலோட நின்னிருந்தா அமெரிக்கக் கணக்குப்படி 5 வருஷம் தாண்டி உயிரோட இருக்கவங்க கிட்டத்தட்ட 90 சதவீதம், கல்லீரல் நுரையீரல்னு பரவினப்புறம் பாத்தா அது சுமார் 15 சதவீதத்துக்கு எறங்கிடுது. ஃபுட்பால் பைத்தியம் புடிச்ச வியாசர்பாடிக்கு பீலே கத நல்லாவே தெரிஞ்சிருக்கும், 2021ல வேற வழக்கமான சோதனைக்குப் போனப்பதான் அவருக்கு பெருங்குடல்ல கட்டி இருக்கறதே தெரிஞ்சுது, ஆபரேஷன் பண்ணாங்க, 2022 டிசம்பர்ல போயிட்டாரு. அவ்ளோ பெரிய ஆளுக்கே அது தானா காட்டிக் குடுக்கல.

ஸ்கிரீனிங்னா என்ன, எது ஸ்கிரீனிங் இல்ல

இங்கதான் நெறைய பேர் கொழம்புறாங்க. ஒரு தொந்தரவும் இல்லாத ஆளுக்கு வயச மட்டும் வச்சு டெஸ்ட் பண்றதுதான் ஸ்கிரீனிங். மலத்துல ரத்தம் கண்ணுக்குத் தெரியற ஆளுக்கு ஸ்கிரீனிங் டப்பா குடுக்கவே கூடாது, அவர நேரா டாக்டர் கை வச்சுப் பாக்கணும், குழாய் விட்டுப் பாக்கணும். அப்படிப்பட்டவருக்கு டப்பா குடுத்து, அன்னிக்கு ரத்தம் கசியாம நெகட்டிவ்னு வந்து, அவர் நிம்மதியா வீட்டுக்குப் போயிட்டா, அந்த டெஸ்ட்டே அவருக்குக் கெடுதல் பண்ணிடுச்சுன்னு அர்த்தம்.

வட சென்னைல இதுக்கு ஒரு தனிப் பிரச்சன இருக்கு, மூலம். எலக்ட்ரிக் ட்ரெயின் பெட்டிலயும் பாலத்துக்கு கீழ சுவத்துலயும் ஆபரேஷன் இல்லாம மூலம் பௌத்திரம் கொணமாகும்னு நோட்டீஸ் இருக்கறதப் பாத்து வளந்த ஜனங்க நாம, ரத்தம் வந்தா சூடு ஒடம்பு, மூலம்னு முடிவு பண்ணி மோர் குடிச்சுட்டு இருந்துடுவோம், மெடிக்கல்ல கேட்டு ஒரு ஆயின்ட்மென்ட் வாங்குவோம், பொம்பளைங்களா இருந்தா வீட்டுல சொல்லவே ஒரு வருஷம் ஆகும். மூலம் ரொம்ப சாதாரணமா வர்றதுதான், ரத்தம் வர்ற பெரும்பாலானவங்களுக்கு அதுதான் இருக்கும், அதுல சந்தேகமில்ல. ஆனா மூலம் இருக்க ஆளுக்கு கேன்சர் வராதுன்னு எந்தச் சட்டமும் கெடையாது. இந்தியாவுல குடல் கேன்சர்ல மலக்குடல் பங்கு பெருசு, 50க்கு கீழ இருக்கவங்களும் நெறைய. மலக்குடல் கேன்சர்ல நெறைய கேஸ் டாக்டர் கையுறை போட்டு வெரல் விட்டுப் பாத்தாலே தட்டுப்படும். ரெண்டு நிமிஷம், காசே இல்லாத பரிசோதனை, கூட்டமா இருக்க ஓபில மறைப்பு ஸ்க்ரீன் இல்லங்கறதுக்காக விட்டுப் போறது இதுதான்.

ஆக, ஸ்கிரீனிங் வர்ற வரைக்கும் காத்திருக்காம இப்பவே ஆஸ்பத்திரில காட்ட வேண்டியவங்க:

1. மலத்துல ரத்தம் வர்றவங்க, முன்னாடி மூலம்னு சொல்லியிருந்தாலும்.
2. வெளிக்குப் போற பழக்கம் சில வாரமா மாறியிருக்கவங்க, புதுசா மலச்சிக்கல், இல்ல புதுசா பேதி, போயிட்டு வந்தும் முழுசா போகாத மாதிரி ஒரு உணர்ச்சி.
3. காரணமே இல்லாம எடை கொறையறவங்க.
4. ரத்த சோகைன்னு இரும்பு மாத்திரை குடுத்துட்டே இருக்காங்க ஆனா காரணம் என்னன்னு பாக்கல, முக்கியமா ஆம்பளைங்க, மாதவிடாய் நின்ன பொம்பளைங்க. கொக்கிப்புழு கூட காரணமா இருக்கலாம், அதப் பாத்துட்டு அதோட நிறுத்திடக் கூடாது.
5. அப்பா அம்மா, கூடப் பொறந்தவங்கள்ல யாருக்காவது குடல் கேன்சர் வந்திருந்தா. இவங்களுக்கு தொந்தரவு இல்லன்னாலும் சாதாரண டப்பா கணக்கு பொருந்தாது, 40 வயசுலயோ இல்ல அவங்களுக்கு வந்த வயசுக்கு 10 வருஷம் முன்னாடியோ, எது மொதல்ல வருதோ அப்ப நேரா கொலனோஸ்கோப்பி, அதான் குழாய் விட்டு குடல் உள்ள பாக்குற பரிசோதனை, பண்ணிக்கச் சொல்றதுதான் வழக்கம்.

அந்த டப்பாவுல என்ன இருக்கு

பழைய டெஸ்ட் ஒண்ணு இருந்துது, அட்டைல மலத்தத் தடவி ஒரு மருந்து ஊத்துனா ரத்தம் இருந்தா நீலமாகும். அதுக்கு கறி சாப்பிடக் கூடாது, வைட்டமின் சி மாத்திரை கூடாதுன்னு பத்தியம் வேற. அந்தக் காலத்து டெஸ்ட்ட வச்சே அமெரிக்காவுல மின்னசோட்டாவுல பண்ண பெரிய ஆய்வுல, வருஷா வருஷம் டெஸ்ட் எடுத்தவங்ககிட்ட குடல் கேன்சர் சாவு 33 சதவீதம் கொறஞ்சுதுன்னு 1993ல வந்துது. இங்கிலாந்துலயும் டென்மார்க்லயும் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தரம் பண்ணப்போ கொறஞ்சது 15லருந்து 18 சதவீதம்.

இப்ப வர்றது ஃபிட்னு சொல்ற டெஸ்ட். மனுஷ ரத்தத்துல இருக்க ஹீமோகுளோபின மட்டும் புடிக்கிற ஆன்டிபாடி இதுல இருக்கு, அதனால மொத நாள் மீன் கொழம்பு சாப்டாலும் பாயா சாப்டாலும் பாதிப்பில்ல. வயிறு, சிறுகுடல்னு மேல் பக்கம் கசியற ரத்தம் வழியிலயே செரிச்சுப் போயிடறதால இது பெரும்பாலும் பெருங்குடல் ரத்தத்தத்தான் காட்டும். ஒரு குச்சிய மலத்துல நாலஞ்சு எடத்துல குத்தி டப்பா உள்ள போட்டு மூடணும், அவ்ளோதான் வேல.

இதுல முக்கியமான ஒண்ணு கட்-ஆஃப். ஒரு கிராம் மலத்துல எத்தன மைக்ரோகிராம் ஹீமோகுளோபின் இருந்தா பாசிட்டிவ்னு எடுத்துக்குறதுங்கற கோடு அது. அந்தக் கோட்ட நாமதான் போடுறோம், எறக்கிப் போட்டா நெறைய பாலிப் மாட்டும், கூடவே ஒண்ணுமில்லாதவங்களும் நெறைய மாட்டுவாங்க, ஏத்திப் போட்டா நேர் எதிர். நெதர்லாந்து 2014ல திட்டத்த ஆரம்பிச்சப்போ 15ல வச்சாங்க, எதிர்பாத்தத விட பாசிட்டிவ் கொட்டி கொலனோஸ்கோப்பி தாங்காம போச்சு, அதே வருஷம் 47க்கு ஏத்திட்டாங்க. பணக்கார நாட்டுக்கே அந்த நெலம.

டெஸ்ட் ஒண்ணும் சாமி வாக்கு கெடையாது. ஆய்வுகளையெல்லாம் சேத்துப் பாத்ததுல, கேன்சர் இருக்க 100 பேர்ல ஒரு தடவ ஃபிட் எடுத்தா சுமார் 79 பேரப் புடிக்குது, மீதி 21 பேர விட்டுடுது, பெரிய பாலிப்ல பாதியக் கூட ஒரே தரத்துல புடிக்கிறதில்ல. அதனாலதான் வருஷத்துக்கோ ரெண்டு வருஷத்துக்கோ ஒரு தரம் திரும்பத் திரும்ப எடுக்கச் சொல்றாங்க. லேப் பேக்கேஜ்ல ஒரே தரம் எடுத்துட்டு ஃபிரிட்ஜ் மேல ரிப்போர்ட்ட வச்சுக்கறதுல பெருசா பிரயோஜனம் இல்ல.

ஃபேமிலி டாக்டர் எதுக்கு நடுவுல

ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு மாதிரி பண்றாங்க. இங்கிலாந்துல மையமா ஒரு எடத்துலருந்து தபால்ல டப்பா போகும், குடும்ப டாக்டருக்கு ரிசல்ட் மட்டும் போகும். பிரான்ஸ்ல ரொம்ப வருஷமா குடும்ப டாக்டர்தான் கையில குடுத்தாரு, 50லருந்து 74 வயசு வரைக்கும், அப்புறம் மருந்துக் கடைலயும் வாங்கிக்கலாம்னு ஆக்கினாங்க, அப்படியும் எடுத்துக்குறவங்க மூணுல ஒருத்தர்தான். டாக்டர் குடுத்தா எல்லாரும் பண்ணிடுவாங்கங்கறது தப்புக் கணக்குன்னு இதுலருந்து தெரியுது.

நமக்கு இன்னும் கிட்டத்துல ஒரு உதாரணம் தாய்லாந்து. 2011ல லாம்பாங் மாகாணத்துல சோதனை முயற்சியா, 50லருந்து 65 வயசு ஆளுங்களுக்கு கிராம சுகாதாரப் பணியாளர்களும் ஆரம்ப சுகாதார நிலையமுமா சேந்து டப்பா குடுத்தாங்க. சுமார் 63 சதவீதம் பேர் எடுத்துக்கிட்டாங்க, பாசிட்டிவ் 1.1 சதவீதம்தான், அதுல 72 சதவீதம் பேர் கொலனோஸ்கோப்பிக்கு வந்தாங்க. தெரிஞ்ச மொகம் வீட்டு வாசல்ல வந்து குடுத்ததால பிரான்ஸ விட ரெண்டு மடங்கு பேர்னு நான் எடுத்துக்கறேன்.

வட சென்னைல குடும்ப டாக்டர்னு பதிவேட்டுல யாரும் கெடையாது. ஆனா ஜனங்க மனசுல இருக்கு, கைராசி டாக்டர்னு தெருவுக்கு ஒருத்தர். வியாசர்பாடில 2 ரூபால ஆரம்பிச்சு 5 ரூபா டாக்டராவே 2020ல மறஞ்ச டாக்டர் திருவேங்கடத்துக்கு ஊரே அழுதுது, அந்த நம்பிக்கைய எந்த போஸ்டராலயும் உண்டாக்க முடியாது. கவர்மெண்ட் பக்கம் பாத்தா கார்ப்பரேஷனோட நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கு, அதுக்கு கீழ நலவாழ்வு மையம் வந்திருக்கு, 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவத்துல சுகர், பிபி மாத்திரைய வீட்டுக்கே கொண்டாந்து குடுக்குற அக்காங்க இருக்காங்க. டாக்டர் மாறிட்டே இருப்பாரு, ஒப்பந்தத்துல இருப்பாரு, ஆனா எந்த வீட்டுல யாருக்கு என்ன வயசு, யாரு மாத்திரை போடாம ஏமாத்துறாங்கங்கறது அந்த அக்காவுக்குத்தான் தெரியும். குடும்ப டாக்டர் வேலைய இங்க டாக்டரும் அந்த அக்காவும் பங்கு போட்டுத்தான் பண்ண முடியும்:

1. வயசு லிஸ்ட் எடுத்து டப்பா குடுக்கிறது, திருப்பி வாங்குறது அக்கா.
2. மேல சொன்ன அஞ்சு கேள்வி கேட்டு, தொந்தரவு இருக்கவங்கள டப்பா இல்லாம நேரா அனுப்புறது டாக்டர்.
3. பாசிட்டிவ்னா கேன்சர்னு அர்த்தமில்ல, உள்ள பாத்தாதான் தெரியும்னு ஒக்கார வச்சு சொல்றது டாக்டரேதான். போன்ல சொன்னா அந்த ஆளு அதுக்கப்புறம் ஆஸ்பத்திரி பக்கமே வர மாட்டாரு.
4. ஸ்டான்லி கவர்மெண்ட் ஆஸ்பத்திரில கொலனோஸ்கோப்பிக்கு தேதி வாங்கி, அன்னிக்கு போனாரா இல்லையான்னு பாத்து எழுதி வைக்கிறது. இதுக்கு இன்னிக்கு யாரும் இல்ல.

கணக்கு போட்டுப் பாத்தா

ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு கீழ 50லருந்து 70 வயசுக்குள்ள 5,000 பேர்னு வச்சுக்குவோம், கணக்குக்காகத்தான். 60 சதவீதம் டப்பா திருப்பிக் குடுத்தா 3,000. பாசிட்டிவ் லாம்பாங் மாதிரி 1.1 சதவீதம்னா 33 பேர், கட்-ஆஃப் எறக்கி 6 சதவீதம் வந்தா 180 பேர். இந்த மாதிரி பத்து நிலையம் சேந்து ஒரே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புதுன்னா 330, இல்ல 1,800.

இப்ப ஸ்டான்லி மாதிரி ஒரு எடத்துல, ஏற்கனவே ரத்த வாந்தி, மஞ்சக்காமாலைன்னு திருவள்ளூர் வரைக்கும் இருந்து வர்ற கூட்டத்துக்கு நடுவுல, வாரத்துக்கு 10 எக்ஸ்ட்ரா கொலனோஸ்கோப்பி ஒதுக்குறாங்கன்னு வைங்க. 330 பேர முடிக்க 33 வாரம். 1,800 பேர முடிக்க 180 வாரம், அதாவது மூணர வருஷம். பாசிட்டிவ் வந்து 10 மாசத்துக்கு மேல தள்ளிப் போனா கேன்சரும் முத்தின கேன்சரும் அதிகமா மாட்டுதுன்னு 2017ல அமெரிக்காவுல ஒரு பெரிய ஆய்வு காட்டிருக்கு. மூணர வருஷ லிஸ்ட்ல ஒரு ஆளப் போட்டு வைக்கிறதுக்கு பேரு ஸ்கிரீனிங் கெடையாது, சும்மா பயங்காட்டுறது.

கொலனோஸ்கோப்பி முடிஞ்சா வேல முடிஞ்சுதுன்னும் கெடையாது, எடுத்த பாலிப்ப நோயியல் டாக்டர் பாக்கணும், அதுக்கும் ஆள் வேணும். குழாய் விடுறப்ப குடல்ல ஓட்டை விழற ஆபத்து ஆயிரத்துல ஒருத்தருக்கோ அதுக்கும் கம்மியாவோ இருக்கு. கம்மிதான், ஆனா நல்லா இருந்த ஆள கூப்டு பண்றோம்ங்கறதால அத முன்னாடியே சொல்லியாகணும்.

வெயில், கடல், கக்கூஸ்

ஹீமோகுளோபின் சூட்டுல செதஞ்சு போகும். டப்பாவுல அத காப்பாத்துற தண்ணி இருக்கு, இருந்தும் இத்தாலியிலயே வெயில் காலத்துல பாசிட்டிவ் கொறையறதப் பாத்திருக்காங்க. நம்ம மே மாசத்துல தகர ஷீட் வீட்டுக்குள்ள ரெண்டு நாள் கெடந்த டப்பா பொய் நெகட்டிவ் சொல்ல வாய்ப்பிருக்கு. காலைல எடுத்தா அன்னிக்கே குடுத்துடணும், வெறும் வயித்துல சுகர் டெஸ்ட்டுக்கு வர்ற அதே நாள்ல வாங்கிக்கிட்டா ரெண்டு நட கெடையாது.

காசிமேட்டுல இன்னொரு சிக்கல். ஆழ்கடலுக்குப் போற ஆம்பளைங்க நாள் கணக்குல கரையில இருக்க மாட்டாங்க, மொத்தமா வீட்டுல இருக்கறது ஏப்ரல் 15லருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலத்துலதான், அப்பதான் அக்னி நட்சத்திரம். ஆளு கெடைக்கிற நேரத்துல சாம்பிள் கெடும், சாம்பிள் தாங்குற நேரத்துல ஆளு கடல்ல. தடைக்காலத்துல கேம்ப் போடணும்னா கடற்கரைப் பக்கமே ஐஸ் பெட்டியோட ஒரு ஆள் காலைலயே வாங்கிக்கணும், தடுப்பூசி வச்சிருக்க ஃபிரிட்ஜ்ல இத வைக்கக் கூடாதுங்கறதையும் சேத்து யோசிக்கணும்.

இந்தியன் டாய்லெட் ஒரு வகைல வசதி, தண்ணி ஊத்தறதுக்கு முன்னாடி குச்சிய குத்திக்கலாம், மேல ஒரு பேப்பர் போட்டா இன்னும் நல்லது. மாதவிடாய் நாள்ல எடுக்கக் கூடாது, மலத்துல ரத்தம் தெரிஞ்சா மேல சொன்ன மாதிரி டப்பாவ விட்டுட்டு நேரா டாக்டர்கிட்ட காட்டணும்.

உண்மையான இடைஞ்சல் கொலனோஸ்கோப்பிக்கு மொத நாள் ராத்திரி. வயித்தக் கழுவ ரெண்டு மூணு லிட்டர் மருந்துத் தண்ணி குடிக்கணும், அப்புறம் விடிய விடிய பத்து பதினஞ்சு தடவ போயிட்டே இருக்கணும். நாலு வீட்டுக்கு ஒரு கக்கூஸ், ராத்திரி பூட்டிடற பொதுக் கழிப்பிடம், முட்டி வலி இருக்க 65 வயசு அம்மா, இவங்க இத வீட்டுல எப்படிப் பண்ணுவாங்க? சரியா கழுவலன்னா டாக்டருக்கு உள்ள ஒண்ணும் தெரியாது, திரும்ப இன்னொரு தேதி, இன்னொரு நாள் கூலி போச்சு, மயக்கம் குடுத்தா கூட ஒரு ஆள் வேற வரணும். அதனால மொத நாளே ஆஸ்பத்திரில ஒரு பெட், ஒரு சுத்தமான டாய்லெட் குடுத்து அங்கயே கழுவ வைக்கிறதுக்கு ஏற்பாடு வேணும். தண்டையார்பேட்டை, பெரியார் நகர் மாதிரி கவர்மெண்ட் ஆஸ்பத்திரிகள இதுக்குப் பயன்படுத்தலாம், இது என் யோசனதான்.

அரசு லிஸ்ட்ல ஏன் இல்ல, எப்படி ஆரம்பிக்கலாம்

காரணம் அலட்சியம் மட்டும்னு சொல்ல முடியாது. இந்தியாவுல இந்தக் கேன்சர் லட்சத்துக்கு ஒத்த எலக்கத்துலதான் இருக்கு, ஐரோப்பாவுல சுமார் 30. கம்மியா இருக்க எடத்துல எல்லாருக்கும் டெஸ்ட் பண்ணா பாசிட்டிவ் வர்றதுல பெரும்பாலும் ஒண்ணுமில்லாதவங்களா இருப்பாங்க. வாய், மார்பு, கர்ப்பப்பை வாய் மூணும் இங்க அதிகம், வெலையும் கம்மி, அதனால அது மொதல்ல வந்துது. 2023ல தமிழ்நாடு ஈரோடு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், கன்னியாகுமரில வீடு வீடா அழச்சு ஆரம்பிச்சதும் அந்த மூணுக்குத்தான். ஆனா நகரத்துல குடல் கேன்சர் ஏறிட்டே வருது, வர்றவங்க முத்தித்தான் வர்றாங்க, எனக்கென்னவோ எல்லாருக்கும் டப்பான்னு குதிக்காம வரிசையா போறதுதான் சரின்னு படுது:

1. மொதல்ல டப்பாவே வேண்டாம். ராயபுரம், தண்டையார்பேட்டை மண்டலத்து ஆரம்ப சுகாதார நிலையங்கள்ல ரத்தப்போக்கு, காரணம் தெரியாத ரத்த சோகைன்னு வர்றவங்கள வெரல் பரிசோதனை பண்ணி, ஒரு தனி சீட்டோட அனுப்புற வழக்கம் வரட்டும். தெரு கிளினிக் டாக்டர் எழுதிக் குடுக்குற சீட்டுக்கும் அதே மரியாதை இருக்கணும்.
2. அப்புறம் குடும்பத்துல கேன்சர் இருந்தவங்க. ஆள் கம்மி, பலன் அதிகம், ஸ்டான்லில ஏற்கனவே ஆபரேஷன் ஆனவங்களோட புள்ளைங்க கூடப்பொறந்தவங்கள கூப்டாலே ஒரு லிஸ்ட் ரெடி.
3. கடைசியா டப்பா, ரெண்டு மூணு நிலையத்துல மட்டும், கட்-ஆஃப் ஒசத்தி வச்சு. வாரத்துக்கு எத்தன கொலனோஸ்கோப்பி முடியும்னு ஸ்டான்லி சொல்ற எண்ணிக்கைய வச்சு எத்தன டப்பா குடுக்கிறதுன்னு பின்னாலருந்து கணக்கு போடணும். பாசிட்டிவ் வந்தவங்க காத்திருக்க நாள் ரெண்டு மாசத்த தாண்டினா புது டப்பா குடுக்கிறத நிறுத்திடணும், லிஸ்ட் எறங்கினதும் திரும்ப ஆரம்பிக்கணும்.